பன் பாய் தின்ற இலை

ஜப்பானுக்குப் பிழைக்கப் போன தமிழர்களில் அந்த நாட்டையே தின்று முடிக்கக் கங்கணம் கட்டிக்கொண்டவர் எங்கள் பன் பாய் ஒருவர்தான். நாங்களெல்லாம் துவரம்பருப்பு எங்கே கிடைக்கும் என்று அலைந்தபோது, மனுஷன் பேக்கரி பேக்கரியாக அலைந்தார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் அவருடைய அத்தாவுக்கு பேக்கரி. நான் கச்சிராயபாளையம். வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இருவருக்கும் வேலை, ஹாஸ்டலில் ஒரே அறை. என் தலையெழுத்து! "பன்னு வாசனையிலயே வளர்ந்தவன்டா நானு. இவனுங்க பன்னுல இன்னா வெச்சிருக்கானுங்கன்னு பாக்காம வூட்டுக்குப் போவ மாட்டேன்" என்றார் வந்த அன்றே.

முதல் சிக்கல் பன்றிக் கொழுப்பு. எந்த ரொட்டியில் அது இருக்கிறது என்று பாஷை தெரியாமல் எப்படிக் கேட்பது? பாய் ஓர் அட்டையில் பன்றி வரைந்து கடைப் பெண்ணிடம் நீட்டினார். அந்தப் பெண் சந்தோஷமாக உள்ளே ஓடி, பன்றிக்கறி அடைத்த பன்னைச் சுடச்சுடக் கொண்டுவந்து வைத்தாள். "அஸ்தக்ஃபிருல்லா!" என்று பாய் பின்வாங்கிய வேகத்தில் வாசல் கதவு தானாகத் திறந்துகொண்டது. மறுநாள் அதே பன்றியின் மேல் பெரிய பெருக்கல் குறி போட்டு எடுத்துப் போனார். அதற்குப் பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. "மெலன் பான், முலாம்பழ பன்னுன்னு பேரு, உள்ள அந்தப் பழமே இல்லடா! ஏமாத்துக்காரனுங்க!" என்று திட்டிக்கொண்டே இரண்டாவதைப் பிரிப்பார்.

ஹாஸ்டல் தெருவில் பண்டிகைப் பலகாரக் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்தந்தப் பண்டிகை வராமல் அதன் பலகாரத்தைச் செய்யவும் மாட்டார். வசந்தத்தில் சகுரா மோச்சி போட்டார்: அரிசி மாவு, உள்ளே பயறுப் பூரணம், மேலே உப்பில் ஊறிய செர்ரி இலை. "அட, நம்ம பூவரச எல கொழுக்கட்டைடா!" என்று பாய் நம்மூர் வழக்கப்படி இலையை உரித்துக் குப்பையில் போட்டார். கடைக்காரர் ஓடிவந்து, வாயைத் தொட்டு, மென்று காட்டி, இலையையும் தின்ன வேண்டும் என்று புரியவைத்தார். பாய் இன்னொன்று வாங்கி, அந்த உப்பு இலையோடு தின்று கண்ணை மூடிக்கொண்டார்.

"இத்தினி நாளு கொழுக்கட்டைல பாதிய வீசிக்கினு இருந்திருக்கோமே, அநியாயம்!"

கடைச் சுவரில் பலகாரப் படங்கள் வரிசையாக இருந்தன. பாய் தின்னாமல் விட்டது ஒன்றே ஒன்று. மே மாதம் பிள்ளைகள் பண்டிகைக்குச் செய்யும், ஓக் இலை சுற்றிய கஷிவா மோச்சி. அவருடைய ஒப்பந்தமோ ஏப்ரலில் முடிகிறது. மேனேஜரிடம் போய் ஒரு மாதம் நீட்டிக்கக் கேட்டார். காரணம் கேட்டதற்கு மோச்சி படத்தைக் காட்டினார். வேறென்ன, விமான டிக்கெட் கைக்கு வந்துவிட்டது. முன்கூட்டியே ஒன்றாவது செய்து தரும்படி கடைக்காரரிடம் கெஞ்சினோம். முடியவே முடியாது என்றுவிட்டார்.

"துன்னாம வுட மாட்டேன்டா, நீயே பாரு." விமான நிலையத்தில் விடைபெறும்போது பாய் சொன்னது இதுதான். எனக்கு அவரைப் பிரிகிற கவலை. அவருக்கு மோச்சிக் கவலை!

பண்டிகையன்று கஷிவா மோச்சி வாங்கிக்கொண்டு கடையிலேயே நிற்கிறேன், வீடியோ காலில் பாய். அங்கே அத்தா பேக்கரியின் அடுப்படி. கையில் பூவரச இலை சுற்றிய உருண்டை. காராமணிப் பூரணத்தில் கல்வராயன் மலைத் தேன் விட்டு அவரே செய்திருக்கிறார். விட்டுவிடுவாரா மனுஷன்!

"ரெண்டு பேரும் ஒண்ணா துன்னுவோம். எலைய மட்டும் உரிச்சே, கொன்னுடுவேன்!"

எதிரே கடைக்காரர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். இந்த இலை வாசனைக்குச் சுற்றுவதாம், இதை உரித்துவிட்டுத்தான் தின்ன வேண்டுமாம். போனில் பாய் பூவரச இலையை மாங்கு மாங்கென்று மென்றுகொண்டிருந்தார்.

"எப்டிடா கீது?"

பழைய செருப்பைக் கடித்த மாதிரி இருந்தது. "அருமை பாய்" என்று சொல்லி, கடைசி நரம்பு வரைக்கும் மென்று விழுங்கினேன். கடைக்காரர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாய் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால், இன்னொன்றையும் இலையோடு தின்றிருப்பேன்.