கூப்பிட்டால் வருகிற மாடு

அரசாங்க உத்தியோகத்தருக்கு முன்னால் கெட்டித்தனம் காட்டக்கூடாது. இது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. (என் மனைவி தேவியைக் கேட்டால், இன்னும் தெரியவில்லை என்பாள்.)

சில வருடங்களுக்கு முந்திய மார்கழியில், எங்கள் ஊரான உடையார்கட்டில் மழையும் குளிர்காற்றும் சேர்ந்து அடித்ததில் மாடுகள் நின்ற இடத்திலேயே விறைத்துச் செத்தன. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மாடு, வள்ளி. மேயப்போன அவள் திரும்பவில்லை. காடு, வயல், வாய்க்கால் எல்லாம் தேடினேன். உடல்கூடக் கிடைக்கவில்லை.

பிறகு செத்த மாடுகளுக்கு நிவாரணம் அறிவித்தார்கள். செத்த மாட்டின் படத்தையோ காதுத் தகட்டையோ காட்ட வேண்டும். இரண்டும் இல்லாமலே நான் பதிந்தேன். காசு வந்தால் ஒரு கன்றாவது வாங்கலாம். தேவிக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

"செத்தது எண்டு நான் சொல்லமாட்டன். காணேல்லை எண்டுதான் சொல்லுவன்."

"காணாமல் போனதுக்கு ஆரப்பா காசு தருவினம்?"

"தராட்டி விடட்டும்."

காணாமல் போன பிள்ளைகளுக்காக இன்னும் காத்திருக்கிற எங்கள் ஊரில் இதற்குமேல் ஒருவரோடு வாதாட முடியாது. 

ஒரு பின்னேரம் கால்நடை அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் ஸ்கூட்டியில் வந்தார். கதிரையில் இருத்தித் தேநீர் கொடுத்தோம்.

"அத்தாட்சி ஒண்டும் இல்லாமல் நான் எப்பிடி ஐயா எழுதுறது?"

அப்போதுதான் என் கெட்டித்தனம் தலைதூக்கியது.

"மிஸ், எங்கட வள்ளி எங்க நிண்டாலும் மனிசி கூப்பிட்டா ஓடி வரும். இந்த ஊரில வேற ஒரு மாடும் அப்பிடி வராது. இப்ப கூப்பிடட்டும். வராட்டி செத்ததுதானே?"

அவர் சிரித்தார். "சரி, கூப்பிடுங்கோ அம்மா."

தேவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். குசினிக்குள் போய்த் தவிட்டு வாளியை எடுத்துவந்து, வாசல் படலையில் நின்று கூப்பிட்டாள்.

"வள்ளீ... வாடி பிள்ளை... வள்ளீ..."

ஒப்புக்குக் கூப்பிடுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் உண்மையாகவே கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு நிவாரணம் மறந்துபோயிற்று. எங்கேயாவது நின்றால் வந்துவிடு என்று நானும் ஏக்கத்தோடு ஒழுங்கை முடிவையே பார்த்தேன்.

பற்றைக்குள் சலசலப்புக் கேட்டது. ஒரு மாடு ஓடி வந்தது.  ஆனால் அது கறுப்பு; வள்ளி சிவப்பு. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு கோயில் மாடு, மாஸ்டர் வீட்டு நாம்பன், யாருடையதென்றே தெரியாத குறிசுட்ட மாடுகள். கடைசியில் ஒரு பட்டியே படலையில் நின்று வாளிக்குள் தலையை விட ஒன்றோடொன்று அடிபட்டது.

"இதில எது ஐயா வள்ளி?"

"ஒண்டும் இல்லை, மிஸ்."

"அப்ப இதுகள் ஏன் வருகுது?"

தேவிதான் பதில் சொன்னாள். "நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் கூப்பிடுறனான், பிள்ளை. அவள் வரேல்லை. வந்ததுகளை வெறும் வாயோட அனுப்பேலுமே?"

நான் தேநீர்க்கடையில் ஊர்க்கதை அளந்துகொண்டிருந்த நேரத்தில் நடந்த அலுவல் இது. கோழிகளுக்கு வாங்கிய தவிடு ஏன் இப்படிக் கரைகிறதென்று யோசித்து, நிறை குறைவு என மில்காரரோடு சண்டைக்குப் போனவனும் நானேதான்.

அந்தப் பெண் பேனையைக் கொஞ்சநேரம் மூடித் திறந்தார். "காணவில்லை எண்டே எழுதுறன், அம்மா" என்றார். நிவாரணம் கைவிட்டுப் போனது. தேவி அவருக்கு இரண்டாவது தேநீர் ஊற்றினாள்.

நெளுக்குளத்தில் கட்டிக்கொடுத்த மகள், வரும்போதெல்லாம் இந்தக் கதையை நடித்தே காட்டுவாள். என் மூக்குக்கண்ணாடி தொலைந்தால்கூட, "படலையில நிண்டு கூப்பிட்டுப் பாருங்கோ, அப்பா" என்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

தேவிக்கு முழங்கால் வலி வந்தபிறகு வாளியைத் தூக்குவது நான்தான். கூச்சமில்லாமல் பெரிதாகவே கூப்பிடுகிறேன். மாடுகள் வந்துவிடும். உள்ளேயிருந்து தேவி, "ஆரார் வந்தது?" என்று கேட்பாள். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். முழுவதையும் கேட்ட பிறகுதான், "சரி, தவிட்டை வையுங்கோ" என்பாள்.