எதிரெதிரே கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது என்று ஆரம்பித்தால், எந்தக் காட்டில் என்று சண்டைக்கு வருவார்கள். எனக்கெதற்கு வம்பு? மேற்கே கரடிக்காடு, கிழக்கே ஓநாய்க்காடு, நடுவில் குளம்.

அந்தக் கோடையில் தகராறு முற்றி, இரு தரப்பும் குளத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, காவலும் வைத்துவிட்டன. கரடிக்காட்டுப் பன்றி செங்கமலத்துக்கு ஆறு குட்டிகள். மூன்று நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. பாவம், குட்டிகளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

நல்லவேளையாக நான்காம் நாள் இரண்டு ராஜாக்களும் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே வரிதான்: 'காலையில் கரடிக்காடு குடிக்கும், மாலையில் ஓநாய்க்காடு குடிக்கும்.'

அதோடு விட்டார்களா? கையெழுத்துப் போட்டால் வெற்றிவிழா நடத்துவது இரண்டு காட்டிலும் வழக்கம். கரைக்கொரு மேடை, மேடைக்கொரு குழாய் ஸ்பீக்கர்.

கரடி ராஜா முழங்கினார்: "குளம் நமதே! காலில் விழுந்தார்கள், போனால் போகிறதென்று மாலை நேரத்தைக் கொடுத்தேன்!"

ஓநாய் ராஜா முழங்கினார்: "குளம் நமதே! கெஞ்சினார்கள், பாவம் பார்த்துக் காலை நேரத்தைக் கொடுத்தேன்!"

ஸ்பீக்கர் கட்டிய புத்திசாலிகள் இரண்டையும் எதிரெதிரே கட்டித் தொலைத்திருந்தார்கள். இவர் பேச்சு அங்கே கேட்டது, அவர் பேச்சு இங்கே கேட்டது.

"யார்டா கால்ல விழுந்தது?"

"யார்டா கெஞ்சினது?"

கல் பறந்தது. திறக்கவிருந்த வேலியைத் திறக்கவே இல்லை.

உடன்படிக்கையை எழுதிய குரங்கு குமாஸ்தா ஓடிவந்து, அந்த ஒரு வரியை உரக்கப் படித்துக் காட்டினார். "இவ்வளவுதானா? இதுக்கா பட்டாசு வெடிச்சோம்?" என்று இரண்டு கூட்டமும் சேர்ந்து அவரைக் கல்லால் அடித்து மரத்தின் மேல் துரத்தின. இரு காடும் ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

செங்கமலத்துக்குப் பொறுக்கவில்லை. "நாசமாப் போங்க! என் புள்ளைங்க நாக்கு வறண்டு கிடக்குதுங்க, உங்களுக்கு வீராப்பு கேக்குதா?" என்று கிளம்பினாள். வேலிக்குத்தான் காவல், ஸ்பீக்கருக்கு இல்லை. மூக்கால் நெம்பி, இக்கரைக் குழாயைக் கரடிக்காட்டுப் பக்கமாகத் திருப்பினாள். குளத்தைச் சுற்றி ஓடி, அக்கரைக் குழாயையும் அப்படியே ஓநாய்க்காட்டுப் பக்கமாகத் திருப்பினாள்.

ராஜாக்கள் மறுபடி பேசினார்கள், அதே பேச்சு. அவரவர் ராஜா சொன்னது மட்டும் அவரவர் காதில் விழுந்தது. கைதட்டலோ கைதட்டல்! வேலி திறந்தது.

கடைசியில் இரண்டு ராஜாக்களும் தனித்தனியே அறிவித்தார்கள்: "எதிரியின் ஸ்பீக்கரைத் திருப்பி அவன் வாயை அடைத்தது நம் ரகசிய வீராங்கனை செங்கமலம்!"

அன்று முதல் அவள் காலையில் கரடிக்காட்டு வீராங்கனை, மாலையில் ஓநாய்க்காட்டு வீராங்கனை. ஆறு குட்டிகளும் வயிறு முட்டக் குடித்துவிட்டுக் கரையில் புரள்கின்றன. குரங்கு குமாஸ்தா இன்னும் மரத்தைவிட்டு இறங்கவில்லை.

நீதி: உடன்படிக்கையைப் படித்துக் காட்டுகிறவருக்குக் கல்லடி கிடைக்கும், ஸ்பீக்கரைத் திருப்பி வைக்கிறவருக்கு இரண்டு வேளையும் தண்ணீர் கிடைக்கும்.