மேல் வால்வை மூடிய விவரம்

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். அவளுடைய இரண்டு முழங்கால்கள் மட்டும் அதில் சேராது. அங்கே நீயும் உன் வீட்டாரும், முக்கியமாக உன் ரத்த அழுத்தமும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரையாவது அது நலமாயிருக்க வேண்டும்.

பொருள்: காட்டு ஆற்றில் ரப்பர் படகுப் பயணம் – தண்ணீர் இல்லாமை – உண்மைக் காரணம் தெரிவித்தல் – சம்பந்தமாக.

பார்வை: நேற்று நீ அக்காவிடம் போனில் போட்ட சத்தம்.

வறண்ட ஆற்றைக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்று படகுக் கம்பெனிமேல் நீ புகார் எழுதப்போவதாக அக்கா சொன்னாள். தயவுசெய்து எழுதாதே. எங்களோடு வந்த வழிகாட்டிப் பெண் தங்கமானவள், அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடாதே. அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் இல்லாததற்குக் காரணம் கம்பெனியும் இல்லை, மழையும் இல்லை. நான்தான். இந்த வயதில் இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். அக்காவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மற்றவர்கள் போர்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள், நீ ஆற்றைக் கொடுத்தாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருபது வருஷமாக ஒரு காலண்டர் படம் இருந்தது உனக்கு ஞாபகம் இருந்திருக்கிறது: இரண்டு பக்கமும் காடு, நடுவில் வெள்ளை நுரை, நுரைக்குள் ஒரு படகு. எனக்கும் ஞாபகம் இருந்தது, ஆனால் நான் அதைச் சொல்லவே இல்லை. உன் கவரைப் பிரித்துப் படகுச் சீட்டைப் பார்த்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த மாதம் முழங்கால் ஆபரேஷன், அதற்கப்புறம் பாறை, படகு என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஆற்றிலும் இந்த மாதக் கடைசியோடு படகு விடுவதை நிறுத்திவிடுவார்கள். ஆக, போனால் இப்போது போகவேண்டும், இல்லாவிட்டால் காலண்டரோடு சரி. "நீங்க முன்னாடி உக்காருங்க, நான் பின்னாடி உக்காந்து துடுப்புப் போடறேன்"னு அன்றைக்கே இடம் ஒதுக்கிவிட்டாள். நான் மாதக் கடைசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன்.

ஏன் எண்ணினேன் என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. கல்யாணமான புதிதில், குடிநீர் வாரியத்தில் வால்வு மேற்பார்வை வேலை என்றதும், "அப்ப நல்லா நீந்துவீங்க"ன்னு அவள் சொன்னாள், நான் "ம்" என்றேன். அந்த ஒரு "ம்"தான் முப்பத்தாறு வருஷமாக என்னைத் துரத்துகிறது. ஊருக்கே தண்ணீர் விட்டவன், இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால் நடுங்குமென்று யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, தலையைக் கொடுத்தாயிற்று, ஒழுங்காகத் திட்டம் போடுவோம் என்று ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினேன். புறப்படும் நேரம், மாற்றுத்துணி, மாத்திரை, விசில், மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு. பயிற்சியும் செய்தோம். கட்டிலை ஹாலுக்கு இழுத்துப்போட்டு, ஆளுக்கொரு ஒட்டடைக் குச்சியோடு முன்னும் பின்னுமாக உட்கார்ந்தோம், அக்கா பின்னாலிருந்து "இடது! இடது! இப்ப நிறுத்து!" என்று அதிகாரம் பண்ணினாள், நான் அவசரத்தில் வலது பக்கம் வீசி, பிறந்தநாளுக்கு வந்த சுவர்க்கடிகாரத்தை இறக்கிவிட்டேன். கீழ்வீட்டுத் தையல்காரர் மேலே ஓடிவந்து, கட்டிலையும் குச்சியையும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது, அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

இங்கேதான் என் தொழில்புத்தி வேலையைக் காட்டியது. எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு: எந்தக் குழாயில் கை வைப்பதானாலும் முதலில் மேல் வால்வை மூடவேண்டும். மூடாமல் கை வைத்தவன் முகத்தில்தான் தண்ணீர் அடிக்கும். ஆறு என்றால் என்ன, மூடியில்லாத பெரிய குழாய். அதற்கு மேல் வால்வு எது, அணை. அணையின் மதகுக்காரர் எனக்குப் பழக்கம், சர்வீஸில் இருந்தபோது தினமும் போனில் பேசியவர். அவரைக் கூப்பிட்டு, சனிக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்காரியோடு படகில் இறங்குகிறேன், அணைத் தண்ணீர் படகுத்துறைக்கு வர மூணு மணி நேரம் ஆகுமே, அதனால ஏழு மணியிலேர்ந்து கொஞ்சம் குறைச்சு விடுங்கன்னு கேட்டுக்கிட்டேன். "உங்களுக்கு இல்லாததா சார்!" என்றார். கொஞ்சம் என்று நான் சொன்னதை, என்மேல் வைத்திருக்கும் மரியாதையால் அவர் முழுசாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

சனிக்கிழமை நாங்கள் ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் எல்லாம் மாட்டிக்கொண்டு போய் நின்றால், ஆற்றில் கணுக்காலுக்குத்தான் தண்ணீர் ஓடுகிறது. வழிகாட்டிப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்கிறாள். "எட்டு வருஷமா இங்க இருக்கேன் சார், இப்படிப் பார்த்ததே இல்ல"ங்கிறா. நான் வானத்தைப் பார்த்தேன். திரும்பலாமென்றால் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை, கீழே போகப்போகத் தண்ணீர் வரும் என்றாள், எங்கிருந்து வரும், அடைத்தவனுக்கல்லவா தெரியும், படகை நானும் அந்தப் பெண்ணுமாகத் தலையில் தூக்கிக்கொண்டோம், அக்கா துடுப்பை ஊன்றிக்கொண்டு அந்த முழங்காலோடு பாறை பாறையாக மூன்று கிலோமீட்டர் நடந்தாள். வழிகாட்டிப் பெண்ணோ கடமை தவறாதவள், ஒவ்வொரு இடமாக நிறுத்தி, "இதுக்குப் பேரு துவைக்கிற கல், படகை அடிச்சுத் துவைக்கும்", "இது மாமியார் முனை, எப்பத் திருப்பும்னே சொல்ல முடியாது, அலை உங்க தலைக்கு மேல போகும் மேடம்" என்று விளக்கிக்கொண்டே வந்தாள். அக்கா ஒவ்வொரு தடவையும் அலை வரவேண்டிய உயரத்துக்கு அண்ணாந்து பார்த்தாள்.

மாமியார் முனையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் கதை உனக்குத் தெரியும், எந்த ஊருக்குப் பெட்டி கட்டினாலும் எங்கேயாவது ஒரு குழாய் உடையும், என்னைக் கூப்பிடுவார்கள், அவள் பெட்டியைப் பிரித்துத் துணியை மறுபடி அலமாரியில் அடுக்குவாள், ஒரு நாளும் முகம் கோணினதில்லை. அன்றைக்குத்தான் வாய் திறந்தாள். "எனக்குன்னு வரும்போது ஆறே வத்திப்போகுது பாருங்க" என்றாள். என்மேல் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது, மச்சான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனிக்காரர்கள் பாவம், வரும் சனிக்கிழமை மறுபடி அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பருவத்தில் அதுதான் கடைசி நாள். மதகுக்காரரிடம் பேசிவிட்டேன், அடைத்ததில் அணை நிறைந்து நிற்கிறதாம், எப்படியும் திறந்தாக வேண்டுமாம். பாதிக்கும் கீழே திறந்தால் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வெள்ளிக்கிழமையே கிளம்பி வா, படகில் போக உனக்கும் ரொம்ப நாள் ஆசை என்று சொல், என் இடத்தில் நீ உட்கார். நான் கரையில் துண்டோடும் மாத்திரையோடும் நின்றுகொள்கிறேன். நீச்சல் விஷயமும் வால்வு விஷயமும் உன்னோடு இருக்கட்டும். படித்ததும் இதைக் கொளுத்திவிடு.

உன் வீட்டுக் குழாய்களில் மேல்மாடி வரைக்கும் தண்ணீர் ஏற மனமார வாழ்த்தும்,

உன் அத்தான்

பின்குறிப்பு: கவரை ஒட்ட எடுத்த கோந்து பாட்டிலின் மூடி இறுகிப்போயிருந்தது. அதைத் திருகித் திறந்துகொண்டு வருவதற்குள் உன் அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு பொருள், பார்வை முதல் கையெழுத்து வரை படித்து முடித்துவிட்டாள். நான் கோந்தோடு நின்றேன். "நீச்சல் தெரியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். வாளித் தண்ணியில முகம் கழுவுறதுக்கே மூச்சைப் பிடிச்சுக்கிற ஆளு" என்றாள். பின் ஏன் கேட்கவில்லை என்றேன். "நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். ஆறு மட்டும் வேணும்னா நான் தம்பியோட எப்பவோ போயிருப்பேன். உங்களோட போகணும்" என்றாள். கோந்தைக் கீழே வைத்தேன். ஆகவே நீ வரவேண்டாம். என் இடம் எனக்கே. கடிதத்தையும் கொளுத்தாதே, பத்திரமாக வைக்கச் சொல்கிறாள், வேண்டும்போது கேட்பாளாம். இன்னொன்று: அந்தக் காலத்தில் எனக்கு தினமும் அணைக்கு லைன் போட்டுக் கொடுத்தவளே அவள்தான் என்பதை நான் மறந்தே போனேன். நம்பர் மனப்பாடமாம். என் கண்ணெதிரிலேயே போனை எடுத்து, சார் சொன்ன பாதி ரத்து, முழுசாத் திறங்க என்றாள். "உங்களுக்கு இல்லாததாம்மா! கூட இன்னொரு ஷட்டரும் சேத்துத் திறக்கிறேன்" என்றாராம்.