மூய் பெரியம்மா வீட்டுத் திவசம்

கதவில் பூட்டுத் தொங்கியது. கியெம் இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். பூட்டு அசையவில்லை.

பின்னால் வேனில் ஐந்து பிரெஞ்சுக்காரர்கள். நிங் பின் மலைகளையும் குகைப் படகையும் பார்த்துவிட்டுக் கொலைப்பசியில் இருந்தார்கள். கிராமத்துக் குடும்பத்தோடு மதியச் சாப்பாடு என்று ஆசை காட்டித்தான் ஹனோயிலிருந்து கூட்டி வந்திருந்தான். சமைக்கிறேன் என்று ஒப்புக்கொண்ட அம்மாள் கம்பி நீட்டிவிட்டாள். இன்னொரு புகார் வந்தால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று சுற்றுலாக் கம்பெனி முதலாளி போன வாரம்தான் கத்தியிருந்தார்.

"கியெம், இங்கதான் சாப்பாடா?" என்றாள் ஒதீல். ஓய்வுபெற்ற வாத்தியாரம்மா. வியட்நாமியம் படித்தவள், வினையே அதுதான். மற்றவர்களிடம் எதையாவது மொழிபெயர்த்துச் சமாளிக்கலாம், இவளிடம் நடக்காது.

"அடுத்த தெரு, மேடம்!" வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தான்.

நல்லவேளை, அடுத்த தெருவில் ஒரு வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. பாய் விரித்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் இரண்டு வெள்ளைக்காரர்கள்கூட இருந்தார்கள். வெளிநாட்டுச் சம்பந்தியாக இருக்கும். பூஜை மேடையில் ஒரு கிழவர் படம், வேகவைத்த முழுக்கோழி, ஊதுபத்திப் புகை. திவசம்! திவச வீட்டில் வந்தவரை விரட்ட மாட்டார்கள்.

வீட்டுக்கார அம்மாள் எழுந்து வந்தாள். எல்லாரும் மூய் என்று கூப்பிட்டார்கள்.

"யாரு தம்பி நீங்க?"

"ஐயாவுக்கு வேண்டியவங்க, பெரியம்மா."

"எந்த ஐயாவுக்கு?"

"படத்துல இருக்காரே, அவருக்குத்தான். எங்கப்பாவுக்கும் அவருக்கும் அப்படி ஒரு சிநேகம்!"

மூயின் முகம் வெளிறியது. மாட்டிக்கொண்டோம் என்று கியெம் ஓரடி பின்வாங்கினான். அவள் மூலையிலிருந்த வெள்ளைக்காரர்களைத் திரும்பிப் பார்த்தாள். சட்டென்று, "ஐயோ, என் ராசா! உன் சிநேகிதன் மகன் வந்திருக்கான், பாரு!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஆனால் ஊதுபத்தி எரிந்து முடிகிறவரை சாப்பாட்டில் கைவைக்கக் கூடாதே! பத்தியோ பாவி, நீளமான பத்தி. அதுவரை பேசியாக வேண்டும்.

"பெரியவர் என்ன வேலை செஞ்சாரு?" என்றாள் ஒதீல்.

"படகு ஓட்டினாரு" என்றான் கியெம்.

"ஆடு மேய்ச்சாரு" என்றாள் மூய், அதே நொடியில்.

ஒதீலின் புருவம் உயர்ந்தது.

"ஆட்டைப் படகுல ஏத்திட்டுப் போய் மேய்ச்சாரு, மேடம். மலைக்கு வேற வழி ஏது?"

"ஆமா, ஆமா" என்றாள் மூய் அவசரமாக.

"எப்படி இறந்தாரு?"

"வெள்ளத்துல."

"மூச்சிரைப்புல."

பின்கட்டில் ஒரு பீங்கான் கிண்ணம் விழுந்து உடைந்தது.

கியெம் முந்திக்கொண்டான். "வெள்ளத்துல ஆட்டைக் காப்பாத்த நீந்தினாரு. அப்போ மூச்சிரைப்பு வந்துடுச்சு."

"ஒரு ஆட்டைக்கூட விடலையே, மகராசன்!" மூய் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள்.

ஒதீல் தட்டைப் பார்த்தாள். "அப்போ இந்த ஆட்டுக்கறி?"

"அந்த ஆடுங்களோட பேரப்பிள்ளைங்க, மேடம்."

ஒதீல் எழுந்தாள். தொலைந்தோம் என்று கியெம் கண்ணை மூடிக்கொண்டான். திறந்து பார்த்தால் அவள் படத்தின் முன் கைகூப்பி அழுதுகொண்டிருந்தாள். நடந்ததை அவள் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, மூலையிலிருந்தவர்களும் மூக்கைச் சிந்தினார்கள். கடைசியில் பத்தி அணைந்தது. எல்லாரும் வெளுத்துக்கட்டினார்கள்.

"எல்லா ஊர்லயும் எங்களுக்கு நாடகம்தான் காட்டினாங்க, கியெம்" என்றாள் ஒதீல் வேனில் ஏறும்போது. "உண்மையான குடும்பத்தை இன்னிக்குத்தான் பார்த்தேன். உங்க முதலாளிக்கு எழுதப்போறேன்."

வேலை பிழைத்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. செத்துப்போன மனுஷனை வைத்து இப்படியா புளுகுவது? அந்தப் பெரியம்மா காலிலாவது விழுந்துவிட்டுப் போவோம் என்று பின்கட்டுக்கு ஓடினான்.

அங்கே மூய் இல்லை. கூம்புத் தொப்பி போட்ட ஒரு கிழவர் குத்துக்காலிட்டுக் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தார். தொப்பியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"என் பொண்டாட்டி என்னைப் பத்தி இவ்வளவு பெருமையாப் பேசி நான் கேட்டதே இல்ல, தம்பி, வியாழக்கிழமை அடுத்த வண்டி வெள்ளைக்காரங்க வர்றாங்க, அன்னிக்கும் நான் சாகறேன், மறக்காம வந்துடு!"