அம்மாவழி சாரும் அறுபத்து நான்கு குழாய்களும்

காஞ்சிபுரத்தில் எதிரே வருகிற ஆளையெல்லாம் நிறுத்தி "உங்கம்மா யாரு?" என்று கேட்டுவிட்டு, முப்பத்திரண்டு பல்லோடும் வீடு போய்ச் சேர்ந்த மனிதர் இதுவரைக்கும் ஒருவர்தான். எங்கள் தெருவில் ஆறு வருடம் மாடியறையில் குடியிருந்த அம்மாவழி சார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது கூரியர்காரருக்கு மட்டும் தெரியும். பல் தப்பித்ததற்குக் காரணம் அவருடைய பொள்ளாச்சி மரியாதை. "உங்க அம்மா யாருங்கண்ணா? அவங்களுக்கு எந்த ஊருங்க?" என்று அவர் குழைந்து கேட்கும்போது, ஓங்கிய கை தானாக இறங்கிவிடும். அடிக்க வந்தவர்கள் அம்மாவின் அம்மா ஊர்வரை சொல்லிவிட்டு, டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை கோயிலில் அர்ச்சகர் கோத்திரம் கேட்டார். "அது அப்பா வழியாச்சுங்களே சாமி. அம்மா வழியில ஏதாச்சும் ஏற்பாடு இருக்குங்களா?" என்றார் சார். அர்ச்சகர் அவரை மேலும் கீழும் பார்த்து, "நட்சத்திரம் மட்டும் சொல்லுங்கோ, போறும். வரிசை பெரிசா நிக்கறது" என்று முடித்துவிட்டார்.

சாருக்கு வேலை பறவை ஆராய்ச்சி. பாடுகிற குருவிகளில் எதற்கு எது ஒன்றுவிட்ட தங்கை, எது தூரத்துச் சொந்தம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக வனத்துறை அனுமதிக் கடிதத்தை லேமினேட் செய்து கழுத்தில் மாட்டிக்கொண்டு, விடிகாலையில் கூரம் ஏரிக்கரையிலும் செவிலிமேட்டுப் பாலாற்று நாணலிலும் வலை கட்டுவார். சிக்கிய குருவியைப் போட்டோ எடுத்து, இறக்கையடியில் ஒரு பொட்டு ரத்தம் எடுத்து, "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிப் பறக்கவிடுவார். குருவிக்கும் 'ங்க'தான்.

அந்த ரத்தம் வந்து சேர்ந்த இடம் என்னுடைய ஐஸ்கிரீம் கடை. தெருவிலேயே ஒழுங்கான ஃப்ரீசர் என்னிடம்தான் இருந்தது. குல்ஃபிக்குப் பக்கத்தில் ஒரு மூலை அவருக்கு. விரல் நுனி அளவுக் குழாய்களில், ஆல்கஹாலில் ஊறிக்கொண்டிருக்கும் சிவப்புச் சொட்டுகள். "அண்ணே, அது இன்னா ஃப்ளேவரு?" என்று கேட்ட வாடிக்கையாளர்களுக்கெல்லாம் ஸ்டாக் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

"இந்த ரத்தத்துல அப்பிடி இன்னா சார் கீது?" என்று ஒருநாள் அவர் குடியிருந்த வீட்டு வாசலில் வைத்துக் கேட்டே விட்டேன்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குட்டிக் குட்டியா அடுப்பு இருக்குங்கண்ணா. மைட்டோகாண்ட்ரியானு பேரு. உடம்புக்குத் தெம்பு குடுக்கறது அதுதான். அந்த அடுப்புக்குனு தனியா ஒரு டிஎன்ஏ. அது அம்மாகிட்டருந்து மட்டும்தான் வரும். அப்பனுக்கு அதுல பங்கே இல்லீங்க. தலைமுறை தலைமுறையா அதைப் பாத்துப் பாத்துக் காப்பி எடுக்கறப்ப அங்கங்க ஒரு எழுத்து மாறிப்போகும். ரெண்டு குருவிக்கும் நடுவுல எத்தனை எழுத்து மாறியிருக்குனு எண்ணினா, ரெண்டும் எப்பத் தனிக்குடித்தனம் போச்சுனு தெரிஞ்சுரும்."

நான் தலையாட்டினேன். புரிந்தது, மாடிக்குக் கீழ்வீட்டுச் செண்பகம் அக்காவுக்குத்தான். வீட்டுக்காரம்மா, தறி நெய்கிறவர். தீர்ந்துபோன பாவின், அதாவது நெடுக்கு நூலின், நுனியில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துக்கொண்டே சொன்னார்: "இதுக்கா இவ்ளோ நேரம் பேசிக்கினு இருக்கீங்க? பழைய பாவு மொனையிலதானே புதுப் பாவு வருது? அறுந்தே போவாது. குறுக்க ஓடற ஊடை இன்னைக்கு ஒரு கலரு, நாளைக்கு ஒரு கலரு. பாவு அம்மா, ஊடை அப்பன். அவ்ளோதான்."

சார் நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவருடைய பேராசிரியர் ஆறு வருடத்தில் சொன்ன எதையும் அவர் அவ்வளவு வேகமாக எழுதியிருக்க மாட்டார்.

அந்தப் பேராசிரியர் மூன்றாவது முறையாக, கடைசி முறையாகக் கெடு கொடுத்திருந்தார். எட்டு வகைக் குருவி, எட்டு இடம், ஆக அறுபத்து நான்கு குழாய். அவை ஒழுங்காகச் சென்னை லேபுக்குப் போனால் டாக்டர் பட்டம். போகாவிட்டால் பொள்ளாச்சியில் மாமாவின் தேங்காய் மண்டி.

இந்த நேரம் பார்த்து, குழாய்களின் மேல் எழுதியிருந்த மையை ஆல்கஹால் தின்ன ஆரம்பித்தது. முழுசாக மறைவதற்குள் சார் செண்பகம் அக்காவிடம் கழிவுப் பட்டு இழைகளை வாங்கி, ஒவ்வொரு குழாயிலும் இரண்டு இழை கட்டிவிட்டார். தடித்த இழை என்ன குருவி, மெல்லிய இழை எந்த இடம். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்பது நோட்டில். நல்ல ஏற்பாடுதான்.

அதைக் கெடுத்தவன் நான். கருட சேவை வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம், எனக்கு ஃப்ரீசரில் ஒரு விரல் இடம்கூட மிச்சமில்லை. "ஒரு நாளைக்கு அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சிக்கோ சார்" என்று குழாய்ப் பெட்டியை அனுப்பிவிட்டேன். அன்றைக்குத் தறிக்கு லீவு. நெசவுக்காரர் கைக்கு லீவு கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் சார் பெட்டியைத் திறந்தார். அவர் கட்டியிருந்த இழைகளில் ஒன்றுகூட இல்லை. மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு, மயில்கழுத்துக்கு வாடாமல்லி என்று அறுபத்து நான்கும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி நின்றன.

"அக்கா... என்னங்க பண்ணிட்டீங்க?"

"ஏலக்கா பச்சைக்குப் போயி சாம்பல் கட்டி வெச்சிருக்கியேபா! ஒடம்பும் பார்டரும் ஒண்ணோட ஒண்ணு சண்ட போடுது. ஃப்ரிட்ஜத் தொறந்தாலே கண்ணு கூசுது. அதான் பிரிச்சிப் போட்டுட்டு நல்லதா கட்டிக் குட்தேன். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, பாத்துக்கோ."

"பழைய இழைங்க?"

"குப்ப வண்டி போயி ஒரு மணி நேரம் ஆவுது."

சார் திட்டவில்லை. "ரொம்ப அழகா இருக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம். நான்தான் மெதுவாக, அந்த நிறம்தான் குழாயின் பெயர் என்பதை அக்காவுக்குச் சொன்னேன்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். அப்புறம் படியைப் பார்த்து அதட்டினார்: "எந்திரிபா! நான் பிரிச்ச கலரு எனக்கு மறந்துபூடுமா? அந்தப் பெட்டிய எடுத்துனு வா. நீ ஒண்ணொண்ணா காட்டு. கடைக்கார அண்ணன் எழுதட்டும்."

சார் காட்டினார். அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்துச் சொன்னார். "இந்த அரக்குல முன்ன கத்திரிப்பூவும் ஏலக்கா பச்சையும். இதுல சந்தனமும் மண்ணு கலரும், வாந்தி வர மாதிரி. இதுல ரெண்டு நீலம், ஒண்ணு சாயம் போனது..." ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அசிங்கமான ஜோடி எதையும் அவரால் மறக்க முடியவில்லை என்பதுதான் விஷயம்.

பேராசிரியரிடம் சார் உள்ளதை உள்ளபடி சொன்னார். ஸ்பீக்கரில் பதில் தெருவுக்கே கேட்டது: "ஒரு அம்மாவோட ஞாபகத்தை வெச்சு ஆராய்ச்சி பண்றதா? சரி, லேபுக்கு அனுப்பு. என்ன குருவிங்கறதை அந்த டிஎன்ஏவே காட்டிக்கொடுக்கும். அது அந்த அம்மா சொன்னதோட ஒத்துப்போனா, இடத்தையும் நம்பறேன். இல்லேன்னா நீ ஊருக்குக் கெளம்பு."

முடிவு வரும்வரை சார் யாரிடமும் அவர்கள் அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. தெரு வெறிச்சென்று இருந்தது.

வந்தது. அறுபத்து மூன்று சரி. ஒன்று தப்பு. கூரத்தில் பிடித்த சாதா கதிர்க்குருவி என்று அக்கா கணக்குப்படி இருந்த குழாயை, சாம்பல் கதிர்க்குருவி என்றது டிஎன்ஏ. இரண்டும் சின்ன வயதில் ஒரே ஜாடையாம்.

"ஒண்ணுதானுங்கக்கா, பரவால்லீங்க" என்றார் சார், முகம் செத்துப்போய்.

"இன்னா பரவால்ல? நான் கலரு தப்பா சொல்லல. நீதான் குருவிய தப்பா பாத்திருப்ப. போட்டோவ எடு!"

போட்டோவைப் பெரிதாக்கி அரைமணி நேரம் பார்த்தார் சார். பிறகு படியிறங்கி நடுத்தெருவுக்கு வந்து, "தப்பு என்னுதுங்க! அது சாம்பல் குருவியேதானுங்க! அக்கா அறுபத்து நாலும் சரிங்க!" என்று கூவினார். தான் செய்த தப்புக்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

பட்டம் கிடைத்து அவர் ஊரைவிட்டுப் போய் இப்போது ஒரு வருடம். போன மாதம் அந்த ஆராய்ச்சிப் புத்தகம் கூரியரில் வந்தது. முழுக்க ஆங்கிலம். நன்றிப் பக்கத்தை மட்டும் தமிழில் போட்டிருந்தார். முதல் வரியில், "நிறங்களை மறக்காத செண்பகம் அக்கா, ராஜம்மாள் மகள்." அடுத்த வரியில் என் பெயர். பக்கத்தில், "குப்பம்மாள் மகன்."

என் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, கடைப் பலகை எதிலும் அம்மா பெயர் கிடையாது. முதல்முறையாக அச்சில் பார்த்தேன். சட்டென்று உறைத்தது: ஆறு வருடத்தில் எங்களில் ஒருவர்கூட அந்தக் கேள்வியை அவரிடம் திருப்பிக் கேட்டதில்லை. என் அம்மா இருந்திருந்தால் முதல் நாளே வாசலில் மறித்துக் கேட்டிருப்பாள்: "இப்பிடி ஒரு புள்ளையப் பெத்து வுட்டுக்குதே, யாருபா உங்கம்மா?"