பூசினாற்போல் ஒரு துறவி

ஒரு சமூகத்தின் பண்பாட்டை அது பேசும் சொற்களைக் கொண்டு அளப்பது மேலோட்டமானவர்களின் வழக்கம். அது விழுங்கும் சொற்களைக் கொண்டே அளக்க வேண்டும். அவ்வகையில் இங்கிலாந்தின் எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் அடிவாரத்தில் உள்ள எங்கள் நெதர்கோம் கிராமம், மனிதகுலம் இதுவரை எட்டிய சிகரங்களுள் ஒன்று. இங்கே பக்கத்து வீட்டுக்காரரின் மகனை உதவாக்கரை என்று சொல்லலாம். பாதிரியாரின் பிரசங்கத்தைத் தூக்க மருந்து என்று சொல்லலாம். ஆனால் எவருடைய மட்டக்குதிரையையும் எவரும் 'குண்டு' என்று சொல்வதில்லை. இவ்விதி எங்கும் எழுதப்படவில்லை; எழுதினால் அந்தச் சொல்லை எழுத வேண்டியிருக்கும்.

'பூசினாற்போல் இருக்கிறது' என்போம். வயிறு புல்லை உரசும் நிலை வந்தால், 'குளிர்காலத்துக்குக் கையிருப்பு வைத்திருக்கிறது' என்போம். சென்ற ஆண்டு எங்கள் மட்டக்குதிரை நலச் சங்க உறுப்பினர்களின் குதிரைகள் மூன்று அடுத்தடுத்து இறந்தன. செயலாளர் என்ற முறையில் இரங்கல் தீர்மானங்களை எழுதும் பேறு எனக்கு வாய்த்தது. மூன்றுக்கும் காரணம் 'முதுமை' என்று பதிவு செய்தேன். ஒன்றுக்கு வயது ஏழு.

இத்தகைய சங்கத்தைத்தான் ஒடெட் ஃபர்ஸ்டன் நாடி வந்தார். பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பாளர், வயது நாற்பத்தாறு. சிறுமியாக இருந்தபோது ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மட்டக்குதிரை கேட்டுக் கடிதம் எழுதி, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் காலுறை பெற்றவர். இப்போது தாமே வாங்கத் துணிந்துவிட்டார். எந்த இனத்தை வாங்குவது என்று அறிவுரை கேட்டார். உடனே 'முதன்முறை உரிமையாளர்க்கான இனத்தேர்வு உபகுழு' அமைக்கப்பட்டு ஐந்து முறை கூடியது.

"ஷெட்லாண்டு வாங்கட்டும்," என்றார் உறுப்பினர் காஸ்பர் லட். "சின்ன உருப்படி. விழுந்தாலும் தரை பக்கத்துலயே இருக்கும்."

"அது கடிக்கும், காஸ்பர்," என்றார் தலைவி திருமதி ஆனர் பிட்குட்.

"கடிக்காது. அபிப்பிராயம் சொல்லும்."

"கையில என்ன கட்டு?"

"அபிப்பிராயம்."

ஐந்தாவது கூட்டத்தில் தலைவி எழுந்து நின்றார். "மொதத் தடவ வாங்குறவங்க தப்பு பண்ணுவாங்க. எல்லாத் தப்பையும் தாங்குற ஜாதி எது? நம்ம எக்ஸ்மூர்தான்! முதுகுல பனி விழுந்தா உருகாம அப்படியே கிடக்கும், ரோமம் அவ்வளவு தடிப்பு. முள்ளுச்செடியத் தின்னே பொழச்சுக்கும். ஒண்ணுமே இல்லாம வாழும்!"

இதிலிருந்து உபகுழு கண்டடைந்த முடிவு தருக்க நூலின் பெருமிதம்: ஒன்றுமே இல்லாமல் வாழும் விலங்கு, எல்லாம் இருந்தால் எவ்வளவு சிறப்பாக வாழும்! ஆகவே, மேட்டில் முள்ளைக் கடித்து வளர்ந்த ஆறு வயதுக் குதிரை ஒன்று மார்ச் மாதத்தில் ஒடெட்டுக்காக இறக்கிவரப்பட்டு, தலைவி அவருக்கு வாடகைக்கு விட்ட, அதுவரை கறவை மாடுகள் மேய்ந்த கொழுத்த புல்வெளியில் விடப்பட்டது. தினம் இரண்டு வாளி வெல்லப்பாகு கலந்த தீவனமும், ஏப்ரல் குளிருக்கு ஒரு பஞ்சுப் போர்வையும் பரிந்துரைக்கப்பட்டன. குதிரையின் பெயர் ஹெர்மிட். துறவி என்று பொருள்.

துறவியின் சேணத்து வயிற்றுவார் மே மாதத்தில் ஒரு துளை தளர்ந்தது. ஜூனில் துளைகள் தீர்ந்தன. ஜூலையில் வாரே மாற்றப்பட்டது.

"மேடம், இவன் பிடரிகிட்ட ஒரு மேடு எழும்பியிருக்கு. தொட்டா கல்லு மாதிரி இருக்கு," என்று ஒடெட் வேலியோரம் நின்று கேட்டார்.

"அதுக்குப் பேரு கம்பீரம்மா," என்றார் தலைவி.

"முன்னங்கால மாத்தி மாத்தி வைக்கிறான்."

"யோசிக்கிறான். நல்ல ஜாதி யோசிக்கும்."

லாடக்காரர் மெல் யோ குளம்பு சீவ வந்தார். இளமையில் ஒருமுறை அந்தச் சொல்லை வாய்தவறிச் சொல்லி, ஒரே வாரத்தில் பதினொரு வாடிக்கையாளர்களை இழந்த அம்மையார் அவர். அன்றிலிருந்து அவருடைய நாவடக்கம் எங்கள் ஊரின் பொதுச்சொத்து.

"கண்ணு, உங்க வயல்ல புல்லு ரொம்ப நல்லா வளருது," என்றார் மெல்.

"ரொம்ப நன்றிங்க," என்றார் ஒடெட்.

"அது பாராட்டு இல்ல."

"பின்ன?"

மெல் தொலைவில் நின்ற தலைவியைப் பார்த்தார். குளம்பில் அரத்தை இழுத்தபடியே குரலைத் தாழ்த்தினார். "மேட்டுக்குதிரைக்கு மாட்டுப்புல்லு ஆகாது. குளம்புக்குள்ள அழற்சி வந்து, உள்ள எலும்பு கீழ இறங்கிரும். அப்புறம் நிக்க முடியாது. நிக்க முடியாத குதிரைய என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். தினமும் குளம்பத் தொட்டுப் பாருங்க. சூடு கண்டா கூப்பிடுங்க. மத்தபடி நான் ஒண்ணும் சொல்லல."

உண்மையில் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், அந்த ஒரு சொல்லைத் தவிர. ஆகவே விதி மீறப்படவில்லை என்று வேலியோரம் நின்ற நான் குறித்துக்கொண்டேன்.

ஒடெட் அன்றே தலைவியிடம் ஓடினார். "புல்லு இல்லாத பட்டிக்கு மாத்திரலாமா, மேடம்?"

"நம்ம சங்கத்துக் கண்காட்சிக்கு மூணு வாரம்தானே இருக்கு! இப்ப மெலிஞ்சா ஊரு என்ன பேசும்? பட்டினி போட்டுட்டாள்னு உன்னைத்தான் சொல்லுவாங்க."

கொடுமைக்காரி என்று பெயரெடுக்க எந்தப் புதியவருக்குத்தான் மனம் வரும்? ஹெர்மிட் புல்வெளியிலேயே இருந்தான். தினமும் ஒடெட் குளம்பைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்தே இருந்தது.

ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை கண்காட்சி. வளையத்தில் பதினான்கு மட்டக்குதிரைகள், பதினான்கு பீப்பாய்களைப் போல் அணிவகுத்தன. ஒலிபெருக்கி என் கையில் இருந்தது. வெளியூரிலிருந்து வந்த நடுவர் ஹெர்மிட்டின் விலாவைத் தடவினார், விலா எலும்பு எங்கே என்று தேடினார், கிடைக்காமையால் மெய்சிலிர்த்தார். "பிரமாதம்! ஒரு எலும்புகூட தட்டுப்படல!" முதல் பரிசின் சிவப்பு நாடா ஹெர்மிட்டின் நெற்றியில் ஏறியது.

வழக்கப்படி, வென்ற குதிரை வளையத்தை ஒருமுறை சுற்றி ஓட வேண்டும். ஹெர்மிட் ஓடவில்லை. முன்னங்கால்களை நீட்டி, உடலின் பாரம் முழுவதையும் பின்னே சாய்த்து, நாற்காலியில் அமர முயல்வோன்போல் நின்றான். "இது இவ்வினத்துக்கே உரிய கம்பீர நிலை," என்று நான் அறிவித்தேன். கூட்டம் கைதட்டியது.

"தட்டி ஓட்டும்மா! ஜனம் பாக்குது!" என்றார் தலைவி.

ஒடெட் மண்டியிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையை முன்குளம்பில் வைத்தவர், சட்டென்று இழுத்துக்கொண்டார்.

கயிற்றுக்கு அப்பாலிருந்து மெல் கேட்டார்: "சூடா?"

"காலையிலகூட இல்ல. இப்பக் கொதிக்குது, மெல்."

"மாட்டு டாக்டருக்கு போன் போட்டாச்சு, கண்ணு. ஒரு அடிகூட நகர்த்தாதீங்க."

கடிவாளக் கயிற்றை மெல்லிடம் கொடுத்துவிட்டு ஒடெட் நேரே என்னிடம் வந்தார். நன்றியுரை என்றெண்ணி ஒலிபெருக்கியை நானே நீட்டினேன். என் பொதுவாழ்வின் ஒரே பிழை அது.

"என் குதிரை குண்டு," என்றார் ஒடெட்.

தேநீர்க் கூடாரத்தில் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது.

"ஒடெட்! இங்க சின்னப் பசங்க இருக்காங்க!" என்று தலைவி அலறினார்.

"இருக்கட்டும், கேக்கட்டும். என் குதிரை குண்டு. மேடம், உங்களோடதும் குண்டு. காஸ்பர், உங்க ஷெட்லாண்டும் குண்டு. இந்த வளையத்துல நிக்கிற அத்தனையும் குண்டு. ரெண்டு வாளியும் நான்தான் வச்சேன், அந்தப் பாவம் என்னோடது. ஆனா நான் தெரியாமத்தானே உங்ககிட்ட வந்து கேட்டேன்?"

சங்கத்தின் மாண்பைக் காக்கும் கடமை என்னுடையது. அவர் காதருகே குனிந்து, "'பூசினாப்ல'ன்னு மாத்திச் சொல்லிடலாமாம்மா? குறிப்புல ஏத்தணும்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஒலிபெருக்கியை வாயிலிருந்து எடுக்கவேயில்லை.

"நல்லா ஏத்துங்க, ஐயா. போன வருஷம் செத்த ஏழு வயசுக் குதிரை முதுமையில சாகல. நம்ம மரியாதையில செத்துது."