பத்து நாள் மௌனம், நாற்பது பேருக்குப் பருப்பு

பொறுப்பாளர் றெகுலா உதட்டில் ஒரு விரலை வைத்துப் பேசக்கூடாது என்று காட்டிவிட்டு, மறுகையால் வரதராசாவிடம் ஒரு ஏப்ரனை நீட்டினார்.

வரதராசாவுக்கு அழுகையே வந்துவிட்டது. லுசேர்ண் ஹோட்டல் ஒன்றின் குசினியில் சமையற்காரராக இருபத்திரண்டு வருடம் ஏப்ரன் கட்டிய மனிதர். அதைக் கழற்றிவைக்கத்தான் மூன்று ரயில் மாறி, சுவிஸின் எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில் இருக்கும் இந்தப் பௌத்தத் தியான இல்லத்துக்கு வந்திருந்தார்.

அனுப்பிவைத்தது மனைவி சிவகலா.

"இஞ்சேருங்கோ, டொக்டர் சொன்னது காதில விழேல்லையோ? பத்து நாள் ஒண்டும் செய்யாமல் இருக்கட்டாம்."

"வீட்டில இருக்கிறன்."

"வீட்டில இருந்தால் நான் கறி வைக்கேக்க பின்னால நிண்டு உப்புக் காணாது எண்டுவியள். அங்க கதைக்கவே ஏலாதாம். போட்டு வாங்கோ."

பத்து நாள் சும்மா இருப்பது. இந்த வருடம் அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். பதினோராம் நாள் காலையில் ஹோட்டலில் கோடைக் கூட்டம் தொடங்கிவிடும். பிறகு மூச்சுவிட நேரமிராது.

அவர் வந்து சேர்ந்தபோது மௌனம் தொடங்கியிருந்தது. பழக்கதோஷம், கால் தானாகக் கட்டடத்தைச் சுற்றிப் பின்கதவுக்குப் போயிற்று. இந்த நாட்டில் முன்கதவால் நுழைந்து அவருக்கு என்ன பழக்கம்? அங்கே நின்ற றெகுலா அவரைக் கண்டு முகம் மலர்ந்து, கைபேசியை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, ஏப்ரனைத் தந்தார்.

'எல்லோரும் தினமும் ஒரு மணி நேரம் வேலைத் தியானம் செய்யவேண்டும்' என்று விளம்பரத் தாளில் இருந்தது. ஒரு மணி நேரம்தானே என்று கரட் வெட்டினார். மணி அடித்தது. ஏப்ரனை அவிழ்த்தார். றெகுலா ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு வந்தார்.

மறுநாள் வரதராசா தனக்குத் தெரிந்த ஜெர்மனில் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்: "நான் உட்காரத்தான் வந்தேன். ஏன் குசினி?"

பதில் துண்டு உடனே வந்தது: "அந்தக் கேள்வியோடு இருங்கள்." கூடவே பத்துக் கிலோ வெங்காயமும் வந்தது.

சாப்பாடு கெட்டால் குசினியை விட்டுத் துரத்துவார்கள் என்று மூன்றாம் நாள் உப்பில்லாமல் பருப்பு வைத்தார். கைபேசிக்கும் அலுவலகத்துக்கும் பயந்து ஓடிவந்த நாற்பது பேரும் கண்ணை மூடி, ஒவ்வொரு வாயையும் நாற்பது தரம் மென்றார்கள். கோப்பையைத் திருப்பித் தரும்போது கைகூப்பிக் கும்பிட்டார்கள்.

ஐந்தாம் நாள், அவசரத்துக்கு என்று சிவகலா பையில் வைத்துவிட்ட யாழ்ப்பாணக் கறித்தூளில் அரைவாசியைப் பானைக்குள் கொட்டினார். மண்டபமே அழுதது. றெகுலா மூக்கைத் துடைத்தபடி எழுதினார்: "இங்கே யாரும் இப்படி மனம்விட்டு அழுததில்லை. நாளையிலிருந்து காலைச் சாப்பாட்டையும் நீங்களே பாருங்கள்."

"நாசமாப் போச்சு" என்று வரதராசா பருப்புக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

அழாதவர் ஒருவர்தான். முன்வரிசை மெத்தையில், மடிப்புக் குலையாத சட்டையும் டையுமாக ஒரு தமிழர். அந்த உறைப்பை இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டார். வரதராசாவுக்கு ஊர் கேட்க நாக்குத் துடித்தது. சுவிஸில் இரண்டு தமிழர் ஒரு பிளாட்போமில் நின்றால் ரயில் வரமுன்னமே அந்தக் கேள்வி வந்துவிடும். இங்கே நாட்கணக்கில் வாயை மூடிக்கொண்டு, புருவத்தை மட்டும் உயர்த்திக்கொண்டார்கள்.

ஏழாம் நாள் அந்த மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குசினிக்குள் வந்து, வெங்காயத்தை இழுத்துக் கத்தியை எடுத்தார். இரக்கமுள்ள ஒருவராவது இருக்கிறாரே என்று வரதராசா நெகிழ்ந்துபோனார். அதற்குள் றெகுலா ஓடிவந்து, அந்த மனிதரின் தோளை அணைத்து, மெதுவாக மெத்தைக்கே கூட்டிப்போய்விட்டார். வரதராசாவுக்கு அந்த மெத்தைமேல் வந்த பொறாமை சொல்லி முடியாது.

பத்தாம் நாள் பெரிய மணி அடித்தது. மௌனம் முடிந்தது. வரதராசா பத்து நாளாகப் பாடமாக்கி வைத்திருந்த ஜெர்மன் ஏச்சு ஒன்று இருந்தது. திட்டக்கூட உடம்பில் தெம்பில்லை. ஏப்ரனோடு படியில் குந்தினார்.

டை கட்டியவர் ஓட்டமாக வந்தார்.

"அண்ணை, ஊரில எவடம்?"

"கைதடி. நீர்?"

"கொடிகாமம். பேர் இரவீந்திரன்."

"குடுத்து வச்ச ஆள் ஐசே நீர். பத்து நாளும் ஒரு வேலை இல்லாமல் மெத்தையில இருந்தனீர்."

"என்னத்தைக் குடுத்து வச்சனான்? இருந்து இருந்து முதுகு நாரியெல்லாம் முறிஞ்சு போச்சு." இரவீந்திரன் றெகுலா நின்ற பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது சரி அண்ணை, இஞ்ச சமையல் வேலைக்கெண்டு வந்த ஆளைக் குசினிக்குள்ள விட முதல் எத்தினை நாள் இப்பிடி இருத்துவினம்? உங்களை எத்தினை நாள் இருத்தினவை?"